கறுப்புத் திரைக்கு முன்னால் இருக்கும் மகனுக்கு

பட்டர்வொர்த், ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்ட பிறகு லேப்டாப்பில் கறுப்புத் திரைதான் வருகிறது, கடையில் மதர்போர்டையே மாற்ற 900 வெள்ளி கேட்கிறார்கள் என்றாய். பணத்தைக் கொடுத்துவிடாதே, தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இத்தனை வருடம் போர்டு சோதிக்கிறவள் சொல்கிறேன், இது செத்த போர்டு மாதிரி தெரியவில்லை.

பவர் பட்டனைத் தட்டியதும் லோகோ வருகிறது அல்லவா? அப்போது திரைக்குக் கேடில்லை. கறுப்பானதும் கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பார். அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன தீபாவளிக்கு அப்பாவின் லேப்டாப்பிலும் இதே தொல்லை. இரவு 1 மணிக்கு அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

உன்னுடையதில் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ் ஒன்று, தனி என்விடியா கார்டு ஒன்று. திரையை அமைக்கிற வேலையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தொடக்கத்திலேயே தன் கையில் எடுத்துக்கொள்ளும். 2009-இல் வந்த ஏற்பாடு அது. அந்த நேரத்தில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் கார்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் வராது. அதனால் கெர்னலிடம் அந்த வேலையில் கைவைக்காதே என்று சொல்ல வேண்டும்.

லோகோ மறையும்போது எஸ்கேப்பை ஒருமுறை தட்டு, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். உபுண்டு வரியில் நின்று ஆங்கில ஈ எழுத்தை அமுக்கு. லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'குவைட் ஸ்ப்ளாஷ்' இருக்கும். அதன் பின் ஓர் இடம் விட்டு, நோ, மோட், செட் மூன்றையும் ஒட்டிச் சின்ன எழுத்தில் அடி. பிறகு எஃப்10. படம் கொஞ்சம் பெரிதாக, மங்கலாகத் தெரியும், பயப்படாதே. உள்ளே போனதும் முதலில் உன் அசைன்மெண்ட் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவிடு. மற்றது அப்புறம்.

இப்படி அடித்தது அந்த ஒரு தடவைக்குத்தான். நிரந்தரத் தீர்வு சரியான டிரைவர். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' செயலியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று காட்டும் என்விடியா டிரைவரைப் போடு. நம்பகமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும், தாளில் எழுதி வை. லேப்டாப்பை மறுபடி தொடங்கும்போது நீலத் திரை வரும், 10 விநாடிதான் நிற்கும். நான் முதல் தடவை அதைக் கவனிக்காமல் தேநீர் கலக்கப் போய்விட்டேன். டிரைவர் ஏறவே இல்லை, ஓர் இரவு வீணானது. நீ பக்கத்திலேயே இரு. ஏதாவது ஒரு விசையை அமுக்கி, 'என்ரோல் மோக்' என்ற வரியை எடுத்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடு.

இந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். மாலை 6 மணிக்குள் கூப்பிட்டால் போனைப் பிடித்துக்கொண்டே சேர்ந்து செய்யலாம். வெறும் வயிற்றோடு உட்காராதே, பசியாறிவிட்டுத் தொடங்கு.

அன்புடன்,
அம்மா