பத்தாண்டாகத் தறப்பாளின் கீழ்: எமது ஆலயக் கூரைக்கான நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்பான பங்கு மக்களுக்கும், கடல் கடந்து வாழும் எமது ஊர் உறவுகளுக்கும்,

கூரை வேலைக்கு ஒப்பந்தகாரர் சொன்ன விலை ஆகஸ்ட் 31 வரைக்கும்தான் செல்லும். ஐப்பசி பிறந்தால் மாரி. சுவர் எழும்பி, மேல் பீமுக்குக் கொன்றீற்றும் போட்டாயிற்று, மேலே வானம்தான். கூரைக்கு வேண்டியது 46 இலட்சம் ரூபாய். கையில் இருப்பது 17 இலட்சம். குறை 29 இலட்சம்.

இந்தக் கோயிலின் கதையைப் பிள்ளைகளும் அறிய வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே குற்றம். 1687 இல் கோவாவைச் சேர்ந்த குருவான யோசவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அங்குள்ள சில்லாலை ஊர் மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். அந்த விசுவாசத்தின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். சொல்ல உரிமையும் உண்டு. எங்கள் பழைய கோயிலைக் கட்டியது எந்த வெளிநாட்டுப் பணமும் அல்ல. கடலுக்குப் போனவர்கள் கிழமையில் ஒரு நாள் மீன்பாட்டைக் கோயிலுக்கென்று ஒதுக்கினார்கள். பெண்கள் தலைச்சுமையாய்க் கல் சுமந்தார்கள். பனஞ்சிலாகையும் ஓடுமாக ஏறிய அந்தக் கூரை பல தலைமுறைக்கு நிழல் தந்தது.

1990 ஜூனில் போரால் எமது ஊர் இருந்த வலிகாமம் வடக்கை விட்டு ஓடினோம். மாதா சுரூபத்தைச் சேலையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முகாமில் ஒரு கொட்டிலில் வைத்துச் செபமாலை சொன்னோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாகப் போனபோதும் அந்தச் சுரூபம் எங்களோடு வந்தது. 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த செய்தியையும் முகாமில் இருந்துதான் கேட்டோம்.

அடுத்த ஆண்டு, இராணுவத்தின் வசம் இருந்த எமது காணி விடுபட்டது. வந்து பார்த்தால் பற்றைக்காடு. கோயில் இருந்த இடத்தில் பீடத்தின் படி மட்டும் மிஞ்சியிருந்தது. அதைச் சுற்றித் தறப்பாள் கட்டி முதல் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். இன்றைக்குப் பத்து ஆண்டு. இந்தப் பத்து ஆண்டும் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபட வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் நாங்கள் அத்திவாரம் வெட்டவே மனமில்லாமல் இருந்தோம். பிறகு கொரோனா. 2022 இல் ஆயிரம் ரூபாய்ச் சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. வேலை அப்படியே நின்றது. கடந்த நவம்பரில் டித்வா புயலில் மலையகத்தில் வீடுகள் மண்ணுக்குள் போனபோது, கூரைக்கென்று சேர்த்ததில் ஒரு பகுதியை அந்தச் சனத்துக்கு அனுப்பினோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அகதியாய் இருந்தவர்களுக்கு அது கடமை.

இதுவரை முடிந்த வேலைக்கு 1 கோடியே 52 இலட்சம் ரூபாய் செலவாகியிருக்கிறது. அதில் ஒவ்வொரு ரூபாயும் ஒருவர் வியர்வை. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ உறவுகள் குளிரில் இரவு வேலை செய்து அனுப்பினீர்கள். தாயாரின் நினைவாக மணி வாங்கித் தந்த குடும்பத்தை ஒவ்வொரு பூசையிலும் நினைக்கிறோம். பிடியரிசி சேர்த்து விற்ற தாய்மார், ஞாயிறு தோறும் மண் அள்ளிய இளைஞர்கள், தொழில் குறைந்த மாதத்திலும் பங்கைத் தவறாமல் கட்டிய கடற்றொழிலாளர்கள், எல்லோருக்கும் நன்றி. கேளாமலே இரண்டு டிப்பர் மணல் பறித்துவிட்டுப் போன பக்கத்து ஊர்ச் சைவ உறவுகளுக்கு எப்படிக் கைம்மாறு செய்வோம்? ஆண்டவர் அவர்கள் வீடுகளை நிறைக்கட்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்கில் இன்னும் ஒரு சதமும் தராத வீடுகள் உண்டு. இயலாதவர்களைச் சொல்லவில்லை. மாடி எழுப்பிக் குடிபூரல் செய்தவர்களும், சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்து இலட்சக்கணக்கில் செலவழித்தவர்களும் இருக்கிறீர்கள். ஆண்டவரின் இல்லம் பாழாய்க் கிடக்க நீங்கள் நல்ல வீடுகளில் குடியிருக்கும் காலமா இது என்று ஆகாய் இறைவாக்கினர் கேட்ட கேள்வியைத் தனியே இருந்து வாசியுங்கள். இங்கே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள், எங்கே இருந்தாலும், இந்தக் கோயிலுக்குக் கடன்பட்டவர்கள்.

2025 யூபிலி ஆண்டில், எதிர்நோக்கு ஏமாற்றம் தராது என்ற உரோமையர் திருமுகத்தின் வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஊர் திரும்பிய பின் பிறந்த பிள்ளைகள் இப்போது முதல் நன்மைக்குப் படிக்கிறார்கள். மழை வந்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருப்பார்கள் என்று நம்பித்தான் கட்டுகிறோம்.

ஒரு சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய். ஒரு அடியென்றாலும் தாருங்கள். முடிந்தவர்கள் ஒரு முழு மரச்சட்டத்தைப் பொறுப்பெடுக்கலாம். காசைப் பங்குப் பணிமனையில் கட்டிப் பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். வெளிநாட்டில் உள்ளோர் வங்கிக் கணக்கு விபரத்தைப் பங்குத்தந்தையிடம் மட்டும் கேட்டுப் பெறவும். வரவுசெலவு மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிய வாசிக்கப்படும். செப்டெம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் திருநாளுக்கு முன் மரம் ஏற வேண்டுமென்றால், ஆகஸ்ட் 20 க்குள் உங்கள் பங்கு எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஆலயக் கட்டடக் குழுவினர்