மல்பெரி இலையைப் பரிசோதியுங்கள்: சூளைகளுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. செங்கல் சூளைப் புகையில் தூசு வரம்புக்குள்தான் இருக்கிறது, பட்டுப்புழுக்கள் செத்ததற்கும் சூளைக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் தூசைப் பற்றிக் கேட்கவே இல்லையே! புழு தின்னும் மல்பெரி இலையில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னோம். அதைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை.

நாங்கள் கடைசியாக வளர்த்த புழு பேட்ச் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். நாலாம் தோல் உரிப்பிலேயே புழுக்கள் ஒரே சீராக இல்லை. பாதி உரித்துவிட்டு இலைக்குக் காத்திருந்தன, பாதி சிறுத்துப்போய் உரிக்காமலே கிடந்தன. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் பல புழுக்களுக்குக் கணுக்கணுவாகக் கறுப்பு வளையம். அந்த இடத்தில் தோல் லேசாகப் பட்டாலே கிழிந்து நீர் கசிந்தது. பால்புழு நோய் என்றால் உடம்பு ஊதி வெள்ளையாக ஒழுகும். சுண்ணாம்புக்கட்டி நோய் என்றால் செத்தபின் விறைத்து வெளுக்கும். இது இரண்டுமே இல்லை. இளம்புழு வளர்த்துத் தரும் அதே சாக்கி மையத்தில் அதே நாளில் புழு வாங்கியவர், சூளைக் காற்று படாத மேற்குப் பக்கத்துக்காரர், நல்ல கூடு எடுத்தார். நாங்கள் புழுக்களை வாரிக் குழியில் போட்டு மூடினோம். இலை வெட்டிய பெண்களுக்குக் கூலியைக் கடன் வாங்கித்தான் கொடுத்தோம். அப்புறம் வந்த உங்கள் அலுவலர் இலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், புழு வளர்ப்பு மனையில் கிருமிநாசினி சரியாக அடிக்கவில்லை என்று எங்களையே குறை சொல்லிவிட்டுப் போனார்.

களிமண்ணிலும் நிலக்கரியிலும் இருக்கும் ஃபுளோரின், சூளைச் சூட்டில் வாயுவாக வெளியேறுகிறது. காற்றில் கொஞ்சமாக இருந்தாலும் நாளாக நாளாக இலையில் ஃபுளோரைடாகச் சேர்ந்துகொண்டே போகிறது. புழுவுக்கு அந்த இலையை விட்டால் வேறு தீனி கிடையாது. வாழ்நாளில் தின்னும் இலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. உலர்ந்த இலையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் ஃபுளோரைடு சேர்ந்தாலே புழுவுக்கு ஆபத்து என்று சீனாவில் கண்டறிந்திருக்கிறார்கள். அங்கே செஜியாங் மாகாணத்தில் 1980களில் இதே அடி விழுந்தது. வசந்தகாலப் புழு வளர்ப்பின்போது சூளைகளை நிறுத்தி வைத்தார்கள். 1996-இல் வந்த அவர்களின் காற்றுத் தர விதி, மற்ற விவசாய நிலத்துக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு நாளொன்றுக்கு 3.0 மைக்ரோகிராம் என்று வைத்த ஃபுளோரைடு மாத சராசரி வரம்பைப் பட்டு வளர்ப்புப் பகுதிக்கு 1.8 என்று குறைத்தது.

நம் நாட்டில் 2022-இல் வந்த சூளை விதி என்ன சொல்கிறது? குடியிருப்புக்கும் பழத்தோட்டத்துக்கும் 800 மீட்டர் தள்ளிச் சூளை இருக்க வேண்டும். புகையில் தூசு கன மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மல்பெரித் தோட்டத்தின் பெயர் அதில் இல்லை, ஃபுளோரைடின் பெயரும் இல்லை. விதியில் இல்லாததால் எங்கள் நஷ்டமும் இல்லை என்று ஆகிவிடுமா?

ஃபுளோரைடு என்னவென்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடால் பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களின் மூட்டில் வலி என்று தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்காகத்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது? தண்ணீரில் அதைத் தேடிப் பார்த்த அரசுக்கு, ஒரு கைப்பிடி இலையில் பார்ப்பது பெரிய வேலையா? விவசாயி என்றாலே தப்பு அவன் மேல்தான் என்று முடிவு செய்துவிட்டு வருவதை எப்போது விடுவீர்கள்?

சரி, வேதனையில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சூளையை மூடச் சொல்லவில்லை. அங்கே வேலை செய்பவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அடுத்த சாக்கிப் புழு வருவதற்குள், சூளைக்குக் கிழக்கே இருக்கும் தோட்டங்களிலும் மேற்கே இருக்கும் தோட்டங்களிலும் முற்றிய இலையைப் பறித்து, எங்கள் முன்னால் பையில் கட்டி, ஃபுளோரைடு பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவை எழுத்தில் கொடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் புழு வளர்க்கும் நாட்களில் சூளை எரிப்பதை நிறுத்தி வையுங்கள், செத்த பேட்சுக்கு இழப்பீடு கொடுங்கள். முதலில் இலையைப் பரிசோதியுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சூளைக்குக் கிழக்கே மல்பெரி வைத்திருக்கும் பட்டு விவசாயிகள் சார்பாக ஒருவன்