செல்விக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

நலம், நலமறிய ஆவல். பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. வெயில் அதிகம், அதனால் லீவுக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கடலூர் வெயில் உனக்குப் புதுசா? சரி, உன் இஷ்டம்.

கவினுக்கு அந்த வயிற்று நீர்க்கட்டிக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே. கொழுப்போடு சேர்ந்தால்தான் அல்பெண்டசோல் உடம்பில் ஏறும். முட்டை, பால், இல்லாவிட்டால் நெய்ச்சோறு. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10லிருந்து 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எடை கூடியிருந்தால் டாக்டரிடம் சொல். எடை விஷயத்தில் நான் விடமாட்டேன், உனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதே, அந்த மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம், வெள்ளணுவையும் குறைக்கலாம். பாப்பாவை அவன் பக்கத்தில் படுக்க வை, இது பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டாது. மறுபடி சொல்கிறேன், வெறும் வயிற்றில் வேண்டாம்.

கேஸ் டிரபிள் என்று சிரப் கொடுத்து அனுப்பியவர் பேச்சை நம்பாமல், ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றவள் நீ. அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, எனக்குப் பெருமைதான். அதை என்னிடமே காட்ட வேண்டுமா? மூன்று வாரமாகப் போனில் அம்மா குரலோடு நிறுத்திக்கொள்கிறாய்.

ஜிப்மரில் அன்று மயக்கம் தெளிந்ததும் கவின் என்ன கேட்டான், ஞாபகம் இருக்கிறதா? "தாத்தா, அந்தத் தண்ணிய எங்க ஊத்துனாங்க?" கட்டித் தண்ணீரை ஊசியால் உறிஞ்சி, உள்ளே உப்புத் தண்ணீர் ஏற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி உறிஞ்சி எடுத்தார்கள். பரிசோதனைக்கு அந்தப் பாட்டிலை வெளியே கொண்டு வந்தபோது பார்த்தேன். நுங்குத் தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவு.

அதை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை, செல்வி. முப்பது வருஷமாகக் கறிக்கடையில் கத்தி பட்டவுடன் என் கையில் பீய்ச்சியடித்த தண்ணீர் அது. ஆட்டு ஈரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாகக் கொப்புளம் இருக்கும். அந்த இடத்தை மட்டும் அரிந்து மணிக்கு எறிவேன். விற்க மனசு வராது, நாய்க்குப் போட மனசு வந்தது. அதைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளருமாம். முட்டை மலத்தில் வந்து முடியிலும் ஒட்டிக்கொள்ளுமாம். புல்லோடு போனால் ஆட்டுக்குக் கட்டி, கையோடு வாய்க்குப் போனால் பிள்ளைக்குக் கட்டி. அது பெரிதாக வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். அவனுக்கு நாலு வயசு, திண்ணையில் மணியைக் கட்டிக்கொண்டு தூங்கினானே, அந்த லீவு.

வீட்டு நாய்க்குப் பச்சையாகக் கறிக்கழிவு போடுவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லீங்க" என்றேன். நீ பக்கத்தில் நின்றாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மாப்பிள்ளை முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நீ அங்கேயே என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போது கழிவையெல்லாம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறேன். மணிக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுப் புழு மாத்திரை கொடுக்கிறேன். அதன் கழிவைக் கையுறை போட்டு அள்ளுகிறேன். அம்மா சிரிக்கிறாள்.

எழுத வந்தது இதற்காகத்தான். நீ மூணாவது படிக்கும்போது, கடை மூடியதும் தூக்குவாளியில் கழிவை எடுத்துப்போய் அப்போதிருந்த நாய் ராஜாவுக்குப் போடுவாய். நான்தான் அனுப்புவேன். போட்டுவிட்டு அதே கையோடு வந்து முறுக்கு தின்பாய். இந்தக் கட்டி சில பேருக்குப் பல வருஷம் சத்தமே இல்லாமல் இருக்குமாம். நானும் அம்மாவும் போன வாரம் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டோம், ஒன்றும் இல்லை. நீயும் எடுத்துக்கொள். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடு. ரிசல்ட் வந்தால் அம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், எனக்கே போன் பண்ணு. கடையில் ஆள் இருந்தாலும் எடுப்பேன்.

அப்பா