முசாஷியின் கீச்சானும் வெட்டுப்பட்ட புழுவும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானிய வாள்வீரர் மியாமோதோ முசாஷியின் மை ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் ‘பட்ட கிளையில் கீச்சான்’ படத்தின் மேல்பகுதியை மட்டும் வெட்டி அச்சிட்டுவிட்டீர்கள். மூலப்படம் சுமார் 125 செ.மீ. உயரம், 54 செ.மீ. அகலம், ஒசாகா மாவட்டம் இஸுமி நகரத்தின் குபோசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உச்சியில் கீச்சான் உட்கார்ந்திருக்க, அதற்குக் கீழே கிளையைப் பற்றியபடி ஒரு புழு மேல்நோக்கி ஊர்கிறது. கீச்சானோ பிடித்த இரையை முள்ளில் குத்திவைக்கும் பறவை. புழுவை எடுத்துவிட்டால் அது வெறும் குருவிப் படம்.

அந்தக் கிளைக்கோட்டை ‘வாள்வீச்சின் வேகம்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதும் பொருந்தவில்லை. முசாஷி போர்வீரர் குடும்பத்தவர்தான். வாள்நெறியைக் கொண்டே மற்றக் கலைகளையும் ஆசான் இல்லாமல் பழகியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் அவ்வளவு நீளக் கோட்டை விசிறி இழுத்தால் பாதி வழியிலேயே மை பிரிந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தயங்கினால் தாள் மையைக் குடித்து ஓரம் கசியும். ஒரு கணம் நின்றால் அங்கே முடிச்சு விழும். மணிக்கட்டை ஆட்டாமல், தோளிலிருந்து, ஒரே சீராகக் கை நகர வேண்டும். அழித்துத் திருத்த வழியே கிடையாது.

அதற்கும் முன்னால் மை சரியாக அமைய வேண்டும். மைக்கட்டி என்பது புகைக்கரியும் வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசையும் சேர்ந்தது. ஏறத்தாழ பத்துப் பங்கு கரிக்கு ஆறு பங்கு பசை. பைன் மரக் கரியில் நீலச் சாயல் வரும், எண்ணெய் விளக்குக் கரியில் பழுப்புச் சாயல். வெயில் காலத்தில் பசை அழுகிவிடும் என்பதால் ஜப்பானின் நாரா நகரத்தில் குளிர் மாதங்களில்தான் இதைச் செய்கிறார்கள். மை உரைக்கும் கல்லின் மேட்டில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை அதன் கனத்திலேயே சுற்றிச் சுற்றி உரைக்க வேண்டும். அழுத்தினால் கரி திப்பி திப்பியாக வரும், சாம்பல் நிறம் தெளியாது. நேற்று உரைத்த மையில் பசை வலுவிழந்திருக்கும். வரையும்போது அது தெரியாது; சுருள் கட்டுவதற்காகப் பின்தாளை ஈரத்தோடு ஒட்டும்போது கோடுகள் கரைந்து பரவும். ஆகவே அன்றன்றைக்கு உரைப்பதுதான் முறை. ஜென் பௌத்தப் பயிற்சிக்கும் இந்த ஓவியத்துக்கும் உள்ள உறவை நான் முதலில் இந்தப் பொறுமையில்தான் பார்க்கிறேன்.

முசாஷி போதிதருமரையும் வரைந்திருக்கிறார். தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்று ஜென் மரபு சொல்லும் அதே தருமர்தான். நம் வாசகர்களுக்காகவாவது அதை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

அடுத்த இதழில் கீச்சான் படத்தை ஓரம் வெட்டாமல், மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தோடு, ஒரு முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். புழு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்