தூக்கிவிட்டவனுக்கும் பேர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனில் குழுவாக ஆடும் ஆட்டங்களில் ஒருவரை மட்டும் 'சிறந்த ஆட்டக்காரர்' என்று எடுத்துக்காட்டுவது பிள்ளைகளுக்குள் பொறாமையை வளர்க்கிறது, அந்தப் பட்டங்களையே ஒழிக்க வேண்டும் என்று சென்ற வாரம் கோவை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் அவர் சொல்லும் வழி சரிவராது என்று நினைக்கிறேன்.

நான் கோத்தகிரி அருகே அரவேனு பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் மையத்தில் கணக்கு எழுதுகிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவன், என் அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பையன், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வரும் அவர்களுடைய நண்பன், இந்த நான்கு பேரும் ஒரு ஸ்குவாட், அதாவது ஒரே அணி. ஆடுவது பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். மழைக்காலத்தில் இங்கே மாலை நான்கு மணிக்கே மேகம் இறங்கிவிடும், மைதானத்தில் கால் வைக்க முடியாது. அப்போதெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் ஆட்டம். அடுப்படியில் இருந்தபடி அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே ஆட்டத்தின் போக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது. புரியாததை அண்ணன் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அவன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான், பொறுமையாகச் சொல்லித் தருவான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு பேர் வரை விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். துப்பாக்கியும் மருந்தும் தேடி எடுத்துக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசிவரை நிற்கும் அணி ஜெயிக்கும். குழு ஆட்டத்தில் ஒருவன் சுடப்பட்டால் உடனே வெளியேறுவதில்லை. தவழ்ந்துகொண்டு கிடப்பான், உயிர் குறைந்துகொண்டே போகும். அதற்குள் தோழன் ஒருவன் பக்கத்தில் வந்து, சில விநாடி அந்த இடத்திலேயே இருந்து அவனைத் தூக்கிவிட வேண்டும். ரிவைவ் என்பார்கள். அந்த நேரத்தில் தூக்கிவிடுகிறவனால் சுட முடியாது. யார் வேண்டுமானாலும் அவனைச் சுட்டுவிடலாம். தெரிந்துதான் வருகிறான்.

ஆட்டம் முடிந்ததும் நால்வருடைய கணக்கும் திரையில் வரும். எத்தனை ஃபினிஷ் (எதிரியை வீழ்த்தியது), எவ்வளவு டேமேஜ் (எதிரிக்கு ஏற்படுத்திய சேதம்), எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான் என்றெல்லாம் போட்டு, ஒருவன் பேரில் எம்.வி.பி., அதாவது சிறந்த ஆட்டக்காரர், என்று விழும். எத்தனை பேரைத் தூக்கிவிட்டான் என்பதையும் அந்த ஆட்டம் குறித்துத்தான் வைக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பையன்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர்கள் வாயில் வருவது ஃபினிஷ், டேமேஜ், எம்.வி.பி. மட்டும்தான். கால்வாசி ஆட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இடது பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறது என்று சொன்னவன், தன்னிடமிருந்த மருந்துப் பெட்டியைக் கொடுத்தவன், மற்றவர்கள் ஓடித் தப்பிக்கப் புகைக்குண்டு போட்டவன், வண்டியை ஓட்டி நாலு பேரையும் வட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தவன், இவர்களுக்கெல்லாம் திரையில் என்ன இருக்கிறது?

எங்கள் ஸ்குவாடில் இந்த வேலைகளைச் செய்கிறவன் லைன் வீட்டுப் பையன். அவனிடம் இருப்பது அவனுடைய அக்கா கொடுத்த பழைய போன். சண்டை நெருங்கினால் படம் நின்று நின்று வரும். லைன் வீடுகள் இருக்கும் பள்ளத்தில் சிக்னலும் சரியாகக் கிடையாது. மழை பிடித்தால் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், ஏறிவிடும். இவன் சுட்டது போய்ச் சேர்வதற்குள் எதிரி இவனைச் சுட்டிருப்பான். அதனால் சண்டையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, காப்பாற்றும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டான். அவன் பேருக்கு நேரே ஃபினிஷ் ஒன்று இருக்கும், இல்லையென்றால் சைபர். மற்ற மூவரும் அவனை 'பாட்' என்பார்கள். ஆளே இல்லாமல் கம்ப்யூட்டர் தானாக ஆட்டிவைக்கும் பொம்மைகளுக்குத்தான் அந்தப் பேர். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள், நான் அதட்டியும் இருக்கிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தரவரிசை என்று நாம் பார்ப்பதில் பாதி, போனின் விலையும் டவர் இருக்கும் தூரமும்தான்.

சென்ற தீபாவளி விடுமுறையில் பக்கத்து ஊர் இளைஞர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம், கைக்காசு போட்டு நடத்தினார்கள். அணிக்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு. அது போக, அதிக ஃபினிஷ் எடுத்தவருக்குத் தனியாக ஒரு புளூடூத் ஹெட்செட். முதல் ஆட்டங்களிலேயே என் அண்ணன் மகன் ஃபினிஷ் கணக்கில் முன்னால் போய்விட்டான். கடைசி ஆட்டத்தில் என் மகன் ஒரு பாறைக்குப் பின்னால் சுடப்பட்டு விழுந்தான். அண்ணன் மகன் பக்கத்தில்தான் நின்றான். அந்த நேரம் பார்த்து மேட்டில் ஓர் எதிரி ஓட, இவன் அவனைத் துரத்திக்கொண்டு போய்விட்டான். தூரத்தில் இருந்த லைன் வீட்டுப் பையன் தூக்கிவிட ஓடி வந்தான், வழியிலேயே சுட்டுவிட்டார்கள். என் மகனும் போய்ச் சேர்ந்தான். கொஞ்ச நேரத்தில் மொத்த அணியும் முடிந்தது. ஹெட்செட் எங்கள் வீட்டுக்கு வந்தது, அணிக்கு ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி நாலு பேரில் யாரும் யாரோடும் பேசவில்லை. லைன் வீட்டுப் பையன் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

"ஏன்டா அவனைத் தூக்கிவிடல?" என்று கேட்டேன். "அத்தை, அந்த ஒரு ஃபினிஷ் எடுத்தா ஹெட்செட் உறுதின்னு தெரியும்" என்றான். கெட்ட பையன் இல்லை அவன். என் காலில் கட்டுப் போட்டிருந்தபோது கீழ்க்குழாயிலிருந்து தினமும் தண்ணீர் சுமந்து கொடுத்தவன். பரிசு என்ன கேட்டதோ அதைச் செய்தான். அதற்காக அவனைத் திட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் இலை எடை போடும் இடத்தில் தினமும் பார்ப்பதும் இதைத்தான். எடைக்கு மட்டும் காசு என்றால் முற்றின இலையும் காம்பும் பைக்குள் வந்து சேரும். இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்த்துப் பறிக்கிறவரின் பை எடை குறைந்து நிற்கும். எடையைத் தராசு சொல்லிவிடும், தரத்தைப் பார்க்க ஆள் வேண்டும். ஒரு பிடி இலையை அள்ளி, பிரித்துப் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள். அதற்காக எடையே போட வேண்டாம், எல்லோருக்கும் ஒரே காசு என்றால் நன்றாகப் பறிப்பவருக்கு அது பெரிய அநியாயம். கோவை வாசகர் சொல்வதில் எனக்கு இருக்கும் தடை இதுதான். நன்றாக ஆடுகிறவனை நன்றாக ஆடினாய் என்று சொல்லத்தான் வேண்டும். பதினேழு வயதில் அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று நமக்கெல்லாம் தெரியும். எதைப் பார்த்துச் சொல்கிறோம், யார் சொல்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

பட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2016இல் வந்த ஓவர்வாட்ச் என்ற குழு ஆட்டத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கங்கள் இருந்தன. எனக்குத் தங்கம் விழுந்திருக்கிறது, தோற்றதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொந்த அணிக்குள்ளேயே சண்டை போட அது வசதியாகிப் போனது. 2022இல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது பதக்கங்களை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எல்லோர் கணக்கையும் எல்லோரும் பார்க்கும் பட்டியல் வந்தது. பட்டியல் கண் முன்னால் இருக்கும்போது பட்டம் யாருக்கு என்பதைப் பையன்களே பிரித்துக்கொள்வார்கள், நிறுவனம் கொடுக்க வேண்டியதில்லை. வேலரண்ட் என்ற இன்னொரு குழு ஆட்டத்தில் ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கு எம்.வி.பி. உண்டு. அணி தோற்ற பிறகும் ஒருவன் சிரித்துக்கொண்டு எழுந்து போகலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு மாறாக, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் 2012இலேயே, ஆட்டம் முடிந்ததும் கூட ஆடியவர்களை ஆட்டக்காரர்களே பாராட்டும் வழியைக் கொண்டுவந்தார்கள். ஓவர்வாட்சிலும் 2018இல் அதுபோல ஒன்று வந்தது. இதனால் அந்த ஆட்டங்களில் வசவு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று ஆடியவனுக்குத் தெரிவது கணக்குப் பட்டியலுக்குத் தெரியாது.

நான் பள்ளியில் வாலிபால் ஆடியவள். வலை ஓரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. கைதட்டல் எல்லாம் அடிக்கிறவருக்குத்தான் போகும். ஆனால் சர்வதேச வாலிபாலில் சிறந்த ஆட்டக்காரர் பரிசோடு, தூக்கிக் கொடுப்பவருக்குத் தனியே ஒரு விருது, லிபரோவுக்குத் தனியே ஒரு விருது என்று கொடுக்கிறார்கள். லிபரோ என்ற இடம் 1998இல் வந்தது. வலைக்கு மேலே எழும்பி அடிக்கவோ தடுக்கவோ அவருக்கு அனுமதியே இல்லை, எதிரணி அடிப்பதை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அவரையும் மேடையில் ஏற்றுகிறார்கள். செல்போன் ஆட்டத்துக்கு மட்டும் ஏன் அது வரக் கூடாது?

இன்னொன்று. கோவை வாசகர் பட்டத்தையும் ஆட்ட அடிமைத்தனத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். இரண்டும் வேறு. ஆட்டத்தை நிறுத்த முடியாமல், படிப்பும் தூக்கமும் கெட்டும் விடாமல் ஆடிக்கொண்டே இருப்பதை உலக சுகாதார அமைப்பு 2019இல் நோய்களின் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று பி.ஜி.எம்.ஐ.யிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. அண்ணன் அக்கா பேரில் கணக்குத் திறந்து ஆடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு. நான் பேசுவது, அளவோடு ஆடும் பிள்ளைகளுக்குள்ளேயே நட்பு கெட்டுப்போவதைப் பற்றி.

இதை இப்போது பேசியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தது, மின்விளையாட்டை (இ-ஸ்போர்ட்ஸ்) ஊக்குவிக்கவும் வழி வகுத்தது. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டிலேயே மின்விளையாட்டுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இனிமேல் நம் ஊர்களிலும் போட்டிகள் பெருகும், பரிசுகள் பெருகும்.

இந்தப் பொங்கலுக்கு அதே இளைஞர்கள் மறுபடி போட்டி வைப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போனேன். தீபாவளியன்று நடந்ததைச் சொல்லி, ஃபினிஷுக்குத் தனிப் பரிசு வேண்டாம் என்று கேட்டேன். அது இருந்தால்தான் ஆள் சேரும் என்றார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அதே மதிப்பில் இன்னொரு பரிசாவது வையுங்கள் என்றேன். அப்புறம் ஒரு வழிக்கு வந்தார்கள். முதல் மூன்று இடம் பெறும் அணிகளில் ஒவ்வொருவரும், தன் பேரை விட்டுவிட்டு, தங்களை அதுவரை கொண்டுவந்து சேர்த்தது யார் என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். காரணமும் ஒரு வரி எழுத வேண்டும். கட்டபெட்டு அணியில் மூன்று பேர் சீட்டில் ஒரே பேர். ஃபினிஷ் கணக்கில் கடைசியில் இருந்த பையன், எப்போது ஓட வேண்டும், எப்போது ஒளிய வேண்டும் என்று வழிசொல்லும் ஐ.ஜி.எல். மேடைக்குக் கூப்பிட்டபோது தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. இன்னோர் அணியில் நாலு சீட்டில் நாலு பேர், பரிசை நாலாகப் பிரித்தார்கள். நண்பனுக்கு நண்பன் எழுதிக்கொள்வான் என்ற குறையும் இதில் உண்டு. அதைக் காரணம் எழுதச் சொல்வதால் கொஞ்சம் குறைக்கலாம், முழுக்கத் தீர்க்க முடியாது.

எங்கள் வீட்டுப் பையன்கள் முதல் மூன்றுக்குள் வரவில்லை. லைன் வீட்டுப் பையனுக்குச் சீட்டு எழுதும் வாய்ப்பே அமையவில்லை. ஆனால் பாட் என்ற பேச்சு முன்னறையில் குறைந்திருக்கிறது. போன வாரம் அண்ணன் மகன் தன் ஃபினிஷை விட்டுவிட்டுத் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டதையும் கேட்டேன்.

மலையில் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும், கல்லூரி விழாக்களில் இதை நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: தனிப் பரிசு கொடுங்கள். ஆனால் சுட்டவனுக்கு என்ன பரிசோ அதே மதிப்பில் காப்பாற்றியவனுக்கும் ஒன்று வையுங்கள், அவனைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கூட ஆடியவர்களிடம் விடுங்கள். எந்தப் பிள்ளையிடம் எந்த போன் இருக்கிறது என்று பார்த்து, முடிந்தால் கடைசி ஆட்டத்தையாவது சிக்னல் நன்றாக இருக்கும் ஓர் இடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நடத்துங்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இம்மாதிரிப் போட்டி முடிவுகளை மாவட்டப் பக்கத்தில் வெளியிடும்போது, அதிகம் சுட்டவரின் பேரும் படமும் மட்டும் வருகின்றன. ஜெயித்த அணியின் நால்வர் பேரையும், யார் என்ன வேலை செய்தார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரி கூடுதலாகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
இலைக் கணக்கு எழுதும் ஒரு வாசகி,
அரவேனு, கோத்தகிரி வட்டம்,
நீலகிரி மாவட்டம்.