இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு டானிக் தீர்வல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி விலகும்வரை மதுரை மருந்துக் கடைகளில் இருமல் டானிக் கேட்டு வருபவர்களில் இளவட்டங்கள் ஏராளம். கல்லூரி மாணவர்கள், ஜவுளிக் கடை ஊழியர்கள், அரிசி ஆலையிலும் தென்னைநார்க் கூடங்களிலும் தூசிக்குள் நிற்பவர்கள். வைரஸ் சளிக்குப் பிறகு வரும் வறட்டு இருமல் 3 வாரம், சிலருக்கு 8 வாரம்கூட இழுத்துவிட்டுத் தானாகவே அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் எது அடங்கும், எது அடங்காது என்பதை டானிக் பாட்டிலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

2 வாரம் தாண்டிவிட்டால் முதலில் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ராஜாஜி மருத்துவமனை, தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, நன்றாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து காறி எடுத்த சளிதான் வேண்டும். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள். காலையில் எழுந்ததும் வரும் சளி உத்தமம். அதற்கு முன்பே கடையில் கேட்டு லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால், கிருமி கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்து, நோயைக் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும். ஒரே நாளில் இருமலை நிறுத்தும் 'செட்' மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். காசநோய் உள்ளவருக்கு அது நீறு பூத்த நெருப்பை ஊதிவிடுகிற வேலை.

காசநோய் இல்லை; ஆனால் விடியற்காலையில் இருமி எழுகிறார், ஓடினாலும் சிரித்தாலும் இருமல், கொசுவர்த்திப் புகையில் நெஞ்சு இறுகுகிறது என்றால் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். 'வீசிங்' சத்தமே இல்லாமல் இருமல் மட்டும் வரும் ஆஸ்துமாவும் உண்டு. மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்லி, பம்ப் (இன்ஹேலர்) மருந்து கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் சந்தேகம் வலுவாகிறது. தொந்தரவு இல்லாத நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே தெரியலாம். அதைக் காட்டி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இனி பம்ப். 'பழகிப்போகும்', 'பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்' என்று மாத்திரைக்கே திரும்புகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம்தான். கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில் அதிகம் வருவது அதனால்தான்.

ஆனால் பம்பை வாங்கியவர்களிலும் பலர் மருந்தை நாக்கில் அடித்துக்கொள்கிறார்கள். மூடியைக் கழற்றிக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, பம்பின் வாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, 4, 5 விநாடி தொடர்ந்து இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும். இந்த நேரக்கணக்கு கைவராதவர்களுக்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் அவசியம். வாங்க வசதியில்லை என்றால், 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, பாட்டில் வாயில் மூச்சிழுக்கலாம். எந்த ஸ்பேசரானாலும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கேப்சூல் போட்டு இழுக்கும் கருவிக்கு முறையே வேறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதக் கூடாது. கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!

உடனே மூச்சை இலகுவாக்கும் பம்பை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது ஆபத்து. உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றுவது ஸ்டீராய்டு பம்ப்தான். தினமும் எடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். பம்பில் மருந்து மிச்சமா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வீண்; 200 அழுத்து என்று போட்டிருந்தால் எண்ணித்தான் கணக்கு வைக்க வேண்டும்.

ஒரு வாக்கியம்கூடச் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, உட்கார்ந்த நிலையிலேயே ஸ்பேசர் வழியாக சால்பியூட்டமாலை ஒவ்வொரு அழுத்தாக 4 முறை கொடுங்கள். 4 நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடி 4. படுக்க வைக்காதீர்கள்.

பம்ப் எழுதித் தரும் மருத்துவர்களும், விற்கும் கடைக்காரர்களும், நோயாளியை எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பம்போடு ஸ்பேசரும் சேர்த்தே வழங்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மருந்தாளுநர்கள்,
மேலூர், மதுரை மாவட்டம்.