சுறா வேண்டாம், நெத்திலி அனுப்புகிறேன்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மெய்ஞானம் டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தேன், இன்னும் அதே குடைதான்!

சுமதிக்கு ஏழாம் மாதம் என்று படித்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் "பிள்ளை பிறந்ததும் பால் ஊற வேண்டும், சுறாக் கருவாடு இப்பவே வாங்கி அனுப்பு, அதுவரைக்கும் அவளும் சாப்பிடட்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யமாட்டேன்.

என் பிரசவத்துக்கும் அம்மா அதைத்தான் ஆக்கிப்போட்டாள். சுறாவில் புரதம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மற்ற மீனைத் தின்று வாழ்வது. சின்ன மீனில் துளியாக இருக்கும் பாதரசம், அதைத் தின்னும் மீனில் கூடி, கடைசியில் சுறாவின் சதையில் மொத்தமாகச் சேர்ந்துவிடுகிறது. உப்பில் ஊறினாலும் வெயிலில் காய்ந்தாலும் குழம்பில் கொதித்தாலும் போகாது. வயிற்றுப்பிள்ளையின் மூளையைத்தான் அது குறிவைக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் பாதரசத்தால் வந்த நோய் வெளியே தெரிந்தபோது, தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் பிள்ளை மட்டும் பாதிப்போடு பிறந்த வீடுகள் உண்டு. அங்கே ஆலைக்கழிவு கடலில் கலந்தது. நம் கடலை அதோடு சேர்க்கவில்லை. பால் சுறா சின்ன இனம்தானே என்பாய். வாஸ்தவம். ஆனால் துண்டு போட்டு உப்பேறிக் கிடப்பதில் எது பால் சுறா, எது பெரிய சுறா என்று யார் கண்டார்கள்? அமெரிக்காவில் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் சுறாவே கூடாது என்கிறார்கள். உடம்பில் ஏறிய பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும், செல்வி. பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்ற கதை இதில் நடக்காது.

அதற்காக உன் சம்பந்தியம்மா மாதிரி கருவாடு என்றாலே மூக்கைப் பிடிக்காதே. நெத்திலி தங்கம்! குறைந்த ஆயுசு, சின்ன உடம்பு, பாதரசம் சேர நேரமே இல்லை. முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. "கருவாட்டில் காட்மியம்" என்று அந்த நச்சு உலோகத்தைப் பற்றி நீ அனுப்பிய செய்தியையும் படித்தேன். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். மூணு நாலு கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு. சத்தும் செறியும், உலோகமும் செறியும். கருவாட்டுக் கிலோவின் கணக்கைப் பச்சை மீனுக்கு வைத்த வரம்போடு அப்படியே ஒப்பிட்டால் யாருக்கும் பயம்தான் வரும். குழம்பில் நாம் போடுவது ஒரு கைப்பிடி. காட்மியம் அதிகம் தங்குவது ஈரல், குடல் பக்கம். தலையைக் கிள்ளும்போதே குடலையும் சேர்த்து இழுத்துவிடு. சோம்பேறித்தனம் பண்ணாதே, உன்னைத் தெரியும்.

உப்புதான் இன்னொரு கவலை. சுமதிக்கு பிரஷர் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. மணலில் பரப்பாமல், வலை விரித்து உப்பில்லாமல் காயவைத்த நெத்திலியாகப் பார்த்து எடுத்துவைக்கிறேன். வளைகாப்பு தேதியைச் சீக்கிரம் எழுது. உன் அண்ணன் கார் நாறும் என்று முணுமுணுத்தால், டிக்கியில் டப்பாவோடு வைத்துவிடலாம் என்று சொல்.

அன்புடன்,
மேரி